காகிதம் இல்லாத கேப்டன்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்று வடக்கின் ஆதரவாளர்களைக் கொன்றவர் சாம்ப் ஃபெர்குசன். அவர் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்களில் ஒன்று வந்து விழும். "ஜெயித்தவன் தோற்றவனுக்கு எழுதிய தீர்ப்பு" என்பார்கள் ஒரு பக்கம். "ஐம்பத்து மூன்று கொலை செய்தவனுக்கு வேறென்ன மரியாதை?" என்பார்கள் மறுபக்கம். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. முதல் வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் குற்றப்பத்திரிகையைப் படிப்பதில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் சாட்சிக்கு யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பதில்லை. 1865 ஜூலை 11 அன்று நாஷ்வில் நகரில் தொடங்கி செப்டம்பர் வரை நீண்ட அந்த ராணுவ விசாரணையில், அவர் கொன்றாரா என்ற கேள்விக்குப் பெரிய வேலையே இருக்கவில்லை. பல கொலைகளைச் சிறையில் சந்தித்த பத்திரிகைக்காரர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார், சிலவற்றை மறுத்தார். வாரக்கணக்கில் அடிபட்டது வேறு கேள்வி: கொன்றபோது அவர் யார்? தெற்குப் படையின் சிப்பாயா, யாருக்கும் கட்டுப்படாத கெரில்லாவா, துப்பாக்கி வைத்திருந்த ஒரு விவசாயியா? என் சந்தேகமெல்லாம் இங்கேதான். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டுமா?

உள்நாட்டுப் போர் என்றதும் கெட்டிஸ்பர்க் மாதிரியான பெருங்களங்கள்தான் நினைவுக்கு வரும். கம்பர்லண்ட் மலைப்பகுதியில் நடந்தது வேறு மாதிரிப் போர். கென்டக்கி மாநிலத்தின் கிளின்டன் கவுன்ட்டி (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வடக்கின் பக்கம் சாய்ந்தது. எல்லையைத் தாண்டினால் டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுன்ட்டியிலும் வடக்கு ஆதரவாளர்களே அதிகம். இன்னும் கொஞ்சம் தெற்கே ஒயிட் கவுன்ட்டி தெற்கின் கோட்டை. 1821இல் கிளின்டனில் பிறந்த ஃபெர்குசன், போர் தொடங்கியதும் ஒயிட் கவுன்ட்டிக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய தம்பியே வடக்கின் குதிரைப்படையில் சேர்ந்திருந்தார். போருக்கு முன்பே, 1858இல், ஃபென்ட்ரஸில் ஒரு கான்ஸ்டபிளைக் குத்திக் கொன்ற வழக்கு அவர்மேல் இருந்தது. ஜாமீனில் வெளியே இருந்தார். தெற்கோடு சேர்ந்தால் அந்த வழக்கு காணாமல் போகும் என்று சொன்னதால்தான் சேர்ந்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். வடக்குச் சிப்பாய்கள் அவருடைய மனைவியையும் மகளையும் அவமானப்படுத்தியதால்தான் துப்பாக்கி எடுத்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. தூக்குக்கு முன் கொடுத்த பேட்டியில் அதில் உண்மையில்லை என்று மறுத்தவர் ஃபெர்குசனேதான். அவருடைய ரசிகர்கள் அவரைவிட அந்தக் கதையை அதிகம் நம்பினார்கள்.

இரண்டு குற்றச்சாட்டு, ஒரு வாசல்

குற்றப்பத்திரிகையில் குற்றச்சாட்டுகள் இரண்டே: ஒன்று, கெரில்லாவாக இருந்தது, இரண்டு, கொலை. கொலைக்குக் கீழே 23 சம்பவங்கள், அவற்றில் மொத்தம் 53 உயிர்கள். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் வழக்கில் பாதி புரிந்துவிடும். ஃபெர்குசனை விசாரித்தது ஒரு ராணுவ ஆணையம். ராணுவ ஆணையம் என்பது கோர்ட் மார்ஷல் இல்லை. கோர்ட் மார்ஷல் தன் சொந்தப் படையாளை விசாரிக்கும். சொந்தப் படையாளாக இல்லாதவரை, போர்ச் சட்டத்தை மீறியதற்காக விசாரிக்க அமைப்பது ஆணையம். பக்கத்து வீட்டுக்காரனைச் சுட்டுக் கொன்றது சாதாரணக் கொலை. அதை விசாரிக்க வேண்டியது அந்தந்த கவுன்ட்டியின் நீதிமன்றம். அதையே ராணுவ அறைக்குள் கொண்டுவர வேண்டுமானால், அது போரோடு சம்பந்தப்பட்ட குற்றம் என்று முதலில் நிறுவ வேண்டும். கெரில்லா என்ற முதல் குற்றச்சாட்டு அதற்கான வாசல். அதற்குத் தனியாகத் தண்டனை கொடுக்க வேண்டும் என்பது அரசுத் தரப்பின் முதல் கவலையாக இருந்திருக்காது. அது நின்றால்தான் இரண்டாவது குற்றச்சாட்டு உள்ளே வரும்.

கெரில்லா என்றால் யார் என்பதற்கு அப்போது எழுத்தில் ஒரு சட்டம் இருந்தது: 1863 ஏப்ரல் 24இல் வடக்கின் ராணுவம் வெளியிட்ட பொது உத்தரவு எண் 100. எழுதியவர் பிரான்சிஸ் லீபர் என்ற பேராசிரியர், அதனால் லீபர் விதித்தொகுப்பு என்று பெயர். அதன் 81ஆம் விதி ஒரு வகையினருக்குப் பாதுகாப்புத் தருகிறது: தன் படையின் சீருடை அணிந்து, ஆயுதம் தரித்து, முதன்மைப் படையிலிருந்து பிரிந்து தனியாக இயங்கும் பிரிவினர். பிடிபட்டால் அவர்கள் போர்க்கைதிகள். 82ஆம் விதி இன்னொரு வகையினரிடமிருந்து அந்தப் பாதுகாப்பைப் பறிக்கிறது. நியமனம் கிடையாது, ஒழுங்கமைந்த படையின் அங்கம் கிடையாது, போரில் தொடர்ச்சியான பங்கு கிடையாது, அவ்வப்போது வீடு திரும்பி ஏர் பிடிக்கும் சாதாரண மனிதனாக வேஷம் மாறுவது உண்டு. இப்படிப்பட்டவரை வழிப்பறிக்காரராகவோ கடற்கொள்ளையராகவோ கருதி நடத்தலாம் என்கிறது விதி. கவனித்தால், இதில் எதுவும் ஒரு செயலைப் பற்றிப் பேசவில்லை. எல்லாமே ஆளின் நிலையைப் பற்றியவை. அந்த நிலையை நிரூபிக்கத் தேவைப்படுவது நியமனப் பத்திரம், படைப்பதிவேடு, சம்பளப் பட்டியல் மாதிரியான காகிதங்கள். மலைக்காட்டுப் போரில் யாரிடமும் சரியாக இல்லாத பொருள் அதுதான்.

தெற்கு அரசும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கை அளித்தது. 1862 ஏப்ரலில் ஒரு சட்டம் போட்டு, தனித்தியங்கும் குழுக்களுக்கு அதிகாரபூர்வ நியமனம் கொடுத்தது. கட்டுப்பாடு கைமீறிப் போனதும் 1864 பிப்ரவரியில் அதே சட்டத்தை ரத்து செய்தது. தெற்கின் தனிக்குழுத் தலைவர் மாஸ்பி மாதிரி ஒரு சிலரின் படைகள் மட்டும் விதிவிலக்காகத் தப்பின. மாஸ்பியிடம் காகிதம் இருந்தது. போர் முடிந்ததும் 1865 ஜூனில் பரோல், அதாவது இனி ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதியின்மேல் விடுதலை, வாங்கிக்கொண்டு வக்கீல் தொழிலுக்குப் போனார். தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்ட ஃபெர்குசனால் அந்தப் பதவிக்கு ஒரு துண்டுச் சீட்டைக்கூட நீட்ட முடியவில்லை.

அறைக்குள் நடந்த விதம்

ஆணையத்தில் நீதிபதி என்று தனியாக ஒருவர் கிடையாது. உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளே நீதிபதி, அவர்களே ஜூரி. ஜட்ஜ் அட்வகேட் என்பவர் அரசுத் தரப்பு வக்கீல்; அதே ஆள்தான் ஆணையத்துக்குச் சட்ட ஆலோசகர்; நடவடிக்கைக் குறிப்புக்கும் அவரே பொறுப்பு. இந்த வழக்கில் அந்த வேலையைப் பார்த்தவர் கேப்டன் எச். சி. பிளாக்மன். எதிர்த்தரப்பு ஒரு சாட்சியத்தை ஆட்சேபித்தால், ஆணையத்துக்கு ஆலோசனை சொல்வது யாருடைய கேள்வியை ஆட்சேபித்தார்களோ அந்த ஆளே. இதை நாஷ்வில் கண்டுபிடித்துக்கொள்ளவில்லை. அன்றைய அமெரிக்க ராணுவ நீதி முழுவதும் இப்படித்தான் இயங்கியது. வாக்கெடுப்பில் இளைய அதிகாரி முதலில் வாக்களிப்பார், மூத்தவரின் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கு போதும், ஒருமித்த முடிவு தேவையில்லை. ஃபெர்குசனுக்கு வாதாடிய ஜோ கான் கில்ட் டென்னசியில் பேர்பெற்ற வழக்கறிஞர். முன்பு நீதிபதியாக இருந்தவர். அவரோடு ஆர். எம். குட்வின். வக்கீல் சரியில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது, அதைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது. சத்தியப் பிரமாணம் செய்து சாட்சிக் கூண்டில் ஏற அவருக்குத் தகுதியே கிடையாது என்பது அன்றைய விதி; அமெரிக்க மத்தியச் சட்டம் 1878இல்தான் அதை மாற்றியது. ஆக, "அவன் என்னைக் கொல்லத் திட்டமிட்டிருந்தான், நான் முந்திக்கொண்டேன்" என்ற ஃபெர்குசனின் ஒரே உண்மையான வாதத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தரப்புக் கதை நமக்குக் கிடைப்பது செய்தித்தாள் பேட்டிகளிலிருந்து. அங்கே குறுக்கு விசாரணை இல்லை.

சாட்சிகளுக்கு அந்தத் தடை இல்லை, அவர்கள் சொன்னது கல்லில் பதிந்த மாதிரி நிற்கிறது. 1861 நவம்பர் 1. கிளின்டன் கவுன்ட்டியில் வில்லியம் ஃபிராக் தட்டம்மை கண்டு படுத்திருக்கிறார். பக்கத்தில் தொட்டிலில் குழந்தை. ஃபெர்குசன் வருகிறார். தெரிந்த மனிதர் என்பதால் ஃபிராக்கின் மனைவி எஸ்தர், ஆப்பிள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார். ஏற்கெனவே சாப்பிட்டேன் என்கிறார் வந்தவர். அம்மை எங்கே ஒட்டியது, கேம்ப் டிக் ராபின்சனிலா என்று நோயாளியிடம் கேட்கிறார். அது வடக்குப் படைக்கு ஆள்சேர்க்கும் முகாம். கேட்ட கையோடு சுடுகிறார். ஒரு மாதம் கழித்து ரூபன் வுட். ஃபெர்குசனைக் குழந்தையாகத் தூக்கி வளர்த்த வயதான அண்டை வீட்டுக்காரர். நமக்குள் எப்போதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்கிறார். இல்லை, நீங்கள் என்னிடம் நல்லபடியாகவே நடந்திருக்கிறீர்கள், ஆனால் கேம்ப் ராபின்சனுக்குப் போய்வந்தீர்கள் என்று பதில் வருகிறது, பிறகு குண்டு. மகள் எலிசபெத் கண்ணால் பார்த்ததைச் சாட்சியாகச் சொன்னார். இந்த இரண்டு சாட்சியங்களிலும் சிப்பாய் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் கேம்ப் ராபின்சன் என்ற பெயர் இரண்டிலும் வருகிறது. அரசுத் தரப்புக்கு அது போதுமானதாக இருந்தது: இது சொந்தப் பகை இல்லை, போர். போர் என்றால் ராணுவ ஆணையம். எதிர்த்தரப்பும் அதையே பிடித்துக்கொண்டது: போர் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் என் கட்சிக்காரர் போராளிதானே?

வீலர் வந்த நாள்கள்

ஆகஸ்டில் ஜோசப் வீலர் நாஷ்வில்லுக்கு வந்தார். தெற்கின் குதிரைப்படை ஜெனரல், அப்போது வயது 28. எதிர்த்தரப்பின் மொத்த நம்பிக்கையும் அவர் மேல்தான். இத்தனைக்கும் அந்த மாதத்தில்தான் நாஷ்வில்லில் அவருடைய ஹோட்டல் அறைக்கே வந்து வடக்கின் ராணுவ அதிகாரிகள் இருவர் அவரைத் தாக்கினார்கள். சாட்சி சொல்ல ஊருக்குள் வருவதே எவ்வளவு சங்கடமான காரியமாக இருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனாலும் கூண்டில் ஏறினார். ஃபெர்குசன் தன்னிடம் வந்து சேர்ந்ததையும், தெற்குப் படையின் கேப்டனாகத் தாங்கள் அவரை நடத்தியதையும் சொன்னார். ஒரு ஜெனரலின் வாயால் வந்த சொல். நியமனப் பத்திரம் இல்லாத இடத்தில் அதற்கு அடுத்தபடியான ஆதாரம் இதைவிட வலுவாகக் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் வழக்கு திரும்புகிறது என்று நினைக்கிறேன். திரும்புவது எதிர்த்தரப்பு விரும்பிய திசையில் இல்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீலர் ஃபெர்குசனைத் தன் படையோடு சேர்ந்தவராக அறிந்தது 1864இல், அந்தக் கோடையில் டென்னசிக்குள் அவர் நடத்திய படையெடுப்பின்போது. ஃபிராக் செத்தது 1861 நவம்பரில். இடைப்பட்ட மூன்று வருடத்துக்கு வீலரால் எதுவும் சொல்ல முடியாது. 1862இல் தெற்கின் குதிரைப்படைத் தளபதி ஜான் ஹன்ட் மார்கனின் படைக்கு ஃபெர்குசன் வழிகாட்டியாகப் போனது உண்மைதான், ஆனால் வழிகாட்டி என்பது பதவி இல்லை. ஆக வீலரின் சாட்சியம் 1864இன் பின்பகுதியை மட்டும் மூடியது. அந்தப் பின்பகுதியில் நடந்தது என்ன? அக்டோபர் 2, வர்ஜீனியாவின் சால்ட்வில் சண்டை; அதைத் தொடர்ந்து ஆஸ்பத்திரிக் கொலைகள். அதாவது ஃபெர்குசன் சிப்பாய் என்று நன்றாக நிரூபணமான ஒரே காலகட்டத்தில்தான், சிப்பாயாக இருந்தாலும் மன்னிப்பே கிடையாத குற்றம் நடந்திருக்கிறது. வீலர் கொடுத்த கேடயம், அது உதவாத அந்த ஒரே வாரத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

சால்ட்வில் உப்பளங்களைப் பிடிக்கப் போய் வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியது. காயம்பட்டவர்களைக் களத்திலேயே விட்டுவிட்டுப் போனது. அவர்களில் 5ஆம் கறுப்பினக் குதிரைப்படையின் சிப்பாய்கள் இருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து காயம்பட்டுக் கிடந்த கறுப்பினச் சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்தில்லை; நடந்தது என்பதில் சந்தேகமில்லை. உயிர் பிழைத்தவர்களை எமரி அண்ட் ஹென்றி கல்லூரியில் இயங்கிய தெற்குப் படை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அங்கும் ஆயுதத்தோடு ஆட்கள் நுழைந்து இரண்டு கறுப்பினச் சிப்பாய்களைப் படுக்கையிலேயே கொன்றார்கள். பின்னர் ஃபெர்குசன் தலைமையில் வந்த கூட்டம் 13ஆம் கென்டக்கிக் குதிரைப்படையின் லெப்டினன்ட் எல்சா ஸ்மித்தைப் படுக்கையில் வைத்துச் சுட்டது. இன்னும் இரண்டு அதிகாரிகளைத் தேடிக்கொண்டு போனவர்களைத் தடுத்து நிறுத்தியவர்கள் தெற்குப் படையின் டாக்டர்களே. ஸ்மித் ஃபெர்குசனின் இறந்துபோன முதல் மனைவிக்கு உறவு. ஸ்மித்தைக் கொன்றதை ஃபெர்குசன் மறுக்கவே இல்லை: பிடிபட்ட என் ஆட்களை அவன் கொன்றான், எனக்கு வருத்தமில்லை என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார்.

இப்போது லீபர் விதித்தொகுப்பை மறுபடி எடுங்கள், இந்த முறை 71ஆம் விதி. முற்றிலும் செயலிழந்து கிடக்கும் எதிரியை வேண்டுமென்றே மேலும் காயப்படுத்துகிறவர், கொல்லுகிறவர், கொல்ல உத்தரவிடுகிறவர் யாராக இருந்தாலும், குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை. அமெரிக்கப் படையை, அதாவது வடக்கின் படையை, சேர்ந்தவரா, செய்துவிட்டுப் பிடிபட்ட எதிரியா என்ற வித்தியாசம் இல்லை என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. 59ஆம் விதி மீதியை முடித்துவிடுகிறது: பிடிபடும் முன் செய்த குற்றத்துக்கு, சொந்தத் தரப்பே தண்டித்திருந்தாலொழிய, போர்க்கைதி பதில் சொல்ல வேண்டும். சொந்தத் தரப்பு தண்டித்ததா? தெற்கின் ஜெனரல் பிரெக்கின்ரிட்ஜ் அவரைக் கைது செய்ய உத்தரவிட்டார். 1865 பிப்ரவரியில் ஃபெர்குசன் வைத்வில் ஊரில் சிறையில் இருந்தார். ஏப்ரலில் தெற்கு அரசே குலைந்துகொண்டிருந்த நேரத்தில் விசாரணை இல்லாமலே வெளியே வந்தார். தண்டனை இல்லை, ஆகவே 59ஆம் விதியின் விலக்கும் இல்லை. எதிர்த்தரப்பு இந்தக் கைதை, பார்த்தீர்களா, எங்கள் ஆளை எங்கள் படையே சிறையில் போட்டது என்று சிப்பாய்க்கான ஆதாரமாகக் காட்டலாம். காட்டிய மாத்திரத்தில், அந்தப் படையே இதைக் கொலை என்று கருதியது என்பதும் கூடவே வந்துவிடும்.

ஆகவே ஸ்மித் கொலை ஒன்றுக்காக மட்டும், கெரில்லா என்ற சொல்லைத் தொடாமலே, ஃபெர்குசனைத் தூக்குமேடைக்கு அனுப்பியிருக்கலாம். உம்மைக் கேப்டன் என்றே வைத்துக்கொள்கிறோம், கேப்டனே, படுக்கையில் கிடந்தவரை ஏன் சுட்டீர் என்று கேட்டிருந்தால் வீலரின் சாட்சியம் அரசுத் தரப்புக்கே சாதகமாகியிருக்கும். 23 சம்பவங்களில் ஒன்றாக அதைக் கலந்து, நிலையைப் பற்றிய விவாதத்துக்குக் கீழே புதைத்ததுதான் இந்த வழக்கின் பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது. தீர்ப்பு தவறாகிவிடவில்லை. அந்தத் தீர்ப்பு எதற்காக என்பது மங்கிவிட்டது. இன்றைக்கும் அவர் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் விவாதிப்பது அவர் சிப்பாயா இல்லையா என்றுதான். அந்த ஆஸ்பத்திரி அறையைப் பற்றி அவ்வளவாக இல்லை.

காகிதம் வைத்திருந்தவர்கள்

கெரில்லா என்ற முத்திரைக்கு இன்னொரு விளைவும் உண்டு, எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். சால்ட்வில் செய்தி கேட்டதும் தெற்கின் பெருந்தளபதி ராபர்ட் லீ தரப்பிலிருந்து பிரெக்கின்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் போனது. கறுப்பினக் கைதிகளுக்கு நேர்ந்ததைக் கண்டித்தது அந்தக் கடிதம். ஒரு ஜெனரலே இதில் குற்றவாளி என்பதைக் குறிப்பிட்டு, அவர் இன்னும் உங்கள் பகுதியில் இருந்தால் குற்றம் சாட்டி விசாரணைக்குக் கொண்டுவாருங்கள் என்றது. அந்த ஜெனரல் ஃபீலிக்ஸ் ராபர்ட்சன் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அவர் அதற்குள் வேறு களத்துக்குப் போய்விட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை, தெற்கும் நடத்தவில்லை, ஜெயித்த வடக்கும் நடத்தவில்லை. டெக்சஸில் வக்கீலாக வாழ்ந்து 1928இல் இறந்தார். தெற்கின் ஜெனரல்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் என்ற கௌரவத்தோடு. நாஷ்வில் குற்றப்பத்திரிகையில் சால்ட்வில்லின் கறுப்பினச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள், பெயர் தெரியாதவர்கள் என்ற குறிப்போடு. அவர்களுக்காக விசாரணையைச் சந்தித்தவர் ஃபெர்குசன் ஒருவர்தான். களத்தில் அத்தனை பேரை ஒரே ஆள் சுட்டிருக்க முடியாது என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்துக் காகிதமற்றவர் டிங்கர் டேவ் பீட்டி. ஃபென்ட்ரஸ் கவுன்ட்டியில் வடக்கு ஆதரவுக் குழுவொன்றின் தலைவர். ஃபெர்குசனும் அவரும் போர் முழுக்க ஒருவரையொருவர் வேட்டையாடியவர்கள். அவருடைய ஆட்களும் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்குத் திரும்பியவர்கள். 82ஆம் விதியின் அளவுகோல்களை அவர்கள்மேல் வைத்தால் எத்தனை தேறும் என்பது வம்பான கேள்வி. நாஷ்வில்லில் பீட்டி உட்கார்ந்தது அரசுத் தரப்புச் சாட்சியாக. ஜெயித்தவன் நீதி என்ற வாக்கியத்தில் எனக்கு உடன்பாடு வரும் ஒரே இடம் இந்த நாற்காலி. ஆனால் கவனிக்க வேண்டும்: அந்த அநியாயத்தை உண்டாக்கியது நிலையைப் பற்றிய குற்றச்சாட்டு. செயலை மட்டும் விசாரித்திருந்தால் பீட்டியை யாரும் ஃபெர்குசனோடு ஒப்பிட வேண்டியிருக்காது. பீட்டி என்னென்ன செய்தார் என்பது தனி வழக்காக நின்றிருக்கும்.

தப்பிக்க இருந்த வழிகள்

கில்டும் குட்வினும் தொடக்கத்திலேயே இரண்டு வாதங்களை வைத்தார்கள். இந்த ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்பது ஒன்று. மற்றச் சிப்பாய்களுக்குக் கொடுத்த சரணடைதல் நிபந்தனைகள் ஃபெர்குசனுக்கும் பொருந்தும் என்பது மற்றொன்று. அவர் மே மாத இறுதியில் கைதானார். அதற்குச் சில நாள் முன்பே, மற்றவர்களுக்குப் பரோல் உண்டு, ஃபெர்குசன் கூட்டத்துக்கு இல்லை என்று ராணுவம் அறிவித்து அவர்களைச் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் ஆக்கியிருந்தது. இரண்டு வாதங்களையும் ஆணையம் தள்ளியது. தள்ளியது இருக்கட்டும், அந்த இரண்டு வாதமும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். அதிகாரமில்லை என்பது முழுசாக நிற்க வேண்டுமானால் அவர் சாதாரணக் குடிமகனாக இருக்க வேண்டும். பரோல் பொருந்த வேண்டுமானால் சிப்பாயாக இருக்க வேண்டும். 1866இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஃபெர்குசன் பிழைத்திருப்பார் என்று எழுதுகிறவர்கள், அவருடைய வக்கீல்கள் எவ்வளவு பாடுபட்டு அவரைச் சிப்பாய் ஆக்கப் பார்த்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மேல்முறையீட்டுக்கு நேரமும் இல்லை. மரண தண்டனைகள் ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் முந்தைய நடைமுறை. கோப்புகள் வாஷிங்டனில் தேங்கின, தண்டனைகள் குறைந்தன, களத்து ஜெனரல்கள் முணுமுணுத்தார்கள். 1864 ஜூலை 2இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் போட்டது: கெரில்லாக் கொள்ளையர்களின் தண்டனையைப் பிராந்தியத் தளபதியே உறுதிசெய்து நிறைவேற்றலாம். கெரில்லா என்ற முத்திரை இங்கேயும் ஒரு வேலை செய்தது, வழியிலிருந்த ஒரு படியை எடுத்துவிட்டது. தண்டனை அறிவிப்பு அக்டோபர் 10. தூக்கு அக்டோபர் 20. மேடையைச் சுற்றிக் காவல் நின்றவர்கள் கறுப்பினப் படைப்பிரிவினர். இவரும் தெற்கின் போர்க்கைதி முகாமான ஆண்டர்சன்வில் சிறையின் அதிகாரி ஹென்றி வெர்ஸும் மட்டுமே அந்தப் போருக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. அது தவறு. ஃபெர்குசனுக்கு ஒன்பது நாள் கழித்து லூயிவில்லில் ஹென்றி மக்ரூடர் என்ற இன்னொரு கெரில்லாவைத் தூக்கிலிட்டார்கள், அதுவும் ராணுவ ஆணையத்தின் தீர்ப்பில்தான்.

சரி, ராணுவ அறையை விட்டு கவுன்ட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தால்? கிளின்டனிலோ ஃபென்ட்ரஸிலோ ஜூரியில் உட்காருவது செத்தவர்களின் உறவும் நட்பும். ஒயிட் கவுன்ட்டியில் உட்காருவது அவரோடு குதிரை ஓட்டியவர்கள். எந்தப் படிக்கட்டில் ஏறுகிறோம் என்பதிலேயே தீர்ப்பு தெரிந்துவிடும். வெள்ளையர்மேல் கறுப்பினத்தவர் சாட்சி சொல்வதைக் கென்டக்கி நீதிமன்றங்கள் 1872 வரை அனுமதிக்கவில்லை. டென்னசி 1866 ஜனவரியில்தான் அனுமதித்தது. ராணுவ ஆணையத்தில் அந்தத் தடை கிடையாது. அதனால் ஆணையமே தப்பு என்கிற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. இடம் சரி. ஆளும் சரி. குற்றப்பத்திரிகை எழுதிய விதத்தில்தான் கோளாறு.

அப்படிச் சொல்லிவிட்டு, என் யோசனைக்கு எதிராக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 71ஆம் விதியை வைத்து ஸ்மித் கொலைக்கு மட்டும் வழக்குப் போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். டாக்டர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் என்று சாட்சிகள் சிலரே போதும். வீலரைக் கூப்பிட வேண்டாம், பீட்டியைக் கூப்பிட வேண்டாம். எஸ்தர் ஃபிராக்கையும் கூப்பிட வேண்டாம். கம்பர்லண்ட் மலையில் நான்கு வருடம் நடந்ததைப் பற்றி, சத்தியப் பிரமாணத்தோடு, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு, செத்தவர்களின் மனைவிகளும் மகள்களும் பேசிய பதிவு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இந்த வழக்குக் கோப்புதான். அது உண்டானது நான் குறை சொல்லும் அதே 23 சம்பவக் குற்றப்பத்திரிகையால். இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், தண்டனைக்கு ஒரு பதிலும் வரலாற்றுக்கு வேறு பதிலும்தான் என்னிடம் இருக்கிறது.